ஒருவருக்கும் கிடைக்காத ரேட்

என் கையெழுத்துக்காகவும் எழுத்துப் பிழைகளுக்காகவும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது பெரும்பாலும் இலக்கங்கள்தான். இலக்கங்களை அழகாக எழுதுவேன். எழுத்துகள்தான் ஒன்றின்மேல் ஒன்று விழும். சுகந்தி, இதைத் தட்டச்சு செய்யும்போது பிழைகளைத் திருத்திவிடுங்கள். மற்ற எதையும் திருத்த வேண்டாம்.

மெரிலேண்ட்ஸ் நாணய மாற்றுக் கடையில் அப்போது புதிதாகச் சேர்ந்த உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி, இப்போது மனேஜராக இருக்கும் சுகந்தி கேட்டது போன வருடம். பதினான்கு வருடம் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று காசு மாற்றியவன் என்பதால் கேட்டார். முழங்கால் விட்டுப்போனதால் நான் வீட்டில் இருக்கிறேன், நேரம் இருக்கிறது. ஆனாலும் ஒரு வருடம் எடுத்துவிட்டது. கள்ள நோட்டைக் கண்டுபிடித்த கதை, கத்திக்கொண்டு வந்தவனை அமைதிப்படுத்திய கதை என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவை என்னிடம் இருக்கின்றன. நேரில் கேட்டால் சொல்வேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கைக்கு வந்தது வேறு ஒன்று.

முதலில் ஒரு சின்ன விஷயம். நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாளே ஒருவர் கைப்பேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இதில் ஒரு ரேட் போட்டிருக்கிறது, உங்கள் பலகையில் வேறு ரேட் இருக்கிறதே, கொள்ளையா?" என்று கேட்டிருப்பார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் அப்படிக் கேட்டவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலிஷும் போதாது, துணிவும் போதாது. அன்று மத்தியானமே கடை முதலாளி எனக்கு ஒரு வசனம் பாடமாக்கித் தந்தார். "அது நடு ரேட். அது கணக்குக்கு. அந்த ரேட் ஒருவருக்கும் கிடைக்காது." நடு ரேட் என்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த வசனத்தை இங்கிலிஷில், முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பதினான்கு வருடம்.

இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் மார்த்தா என்று ஒரு பெண் இருந்தார். அறுபது வயது தாண்டியவர். இருபது வயதில் உருகுவே நாட்டிலிருந்து சிட்னிக்கு வந்து, ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்து, கணவரை இழந்து, ஒரே மகனோடு இருந்தார். வருடத்தில் ஒருமுறை வருவார். நூறு அமெரிக்க டாலர் வாங்குவார். புது நோட்டாகக் கேட்பார். ஊரில் இருக்கும் அக்காவின் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்ப. தபாலில் காசு அனுப்பக்கூடாது என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். "என்ர அக்காவுக்கு பேங்க்ல வாற காசு பிடிக்காது, கவரை உடைச்சு எடுக்கிற காசுதான் பிடிக்கும்" என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கும். அவர் பேசியதை என் தமிழில்தான் எழுத முடிகிறது.

கொரோனா முடிந்து எல்லைகள் திறந்ததற்கு அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். டாலர் வாங்க வரவில்லை. கையில் ஒரு கடிதம் இருந்தது.

விஷயம் இதுதான். அவர்களுடைய அப்பா ஒரு தச்சர். வேலைக்காக ஆற்றைக் கடந்து பக்கத்து நாடான ஆர்ஜென்டீனாவுக்குப் போய், புவனஸ் அயர்ஸில் ஒரு சின்னப் பட்டறை வைத்து, அங்கேயே இறந்துபோனவர். பட்டறை மெஷின்கள் பல வருடம் பூட்டிக்கிடந்தன. அக்கா எலேனா ஃபெரியில் ஆற்றைக் கடந்து போய் அவற்றை விற்று, ஆர்ஜென்டீனா பெசோவாகக் காசை வாங்கி, பையில் கட்டி, உருகுவேயின் தலைநகர் மொன்டேவிடேயோவுக்குக் கொண்டுவந்து உருகுவே பெசோவாக மாற்றியிருக்கிறார். அதில் சரிபாதியைத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார். எவ்வளவுக்கு விற்றது, எந்தத் தேதியில் மாற்றியது, எவ்வளவு வந்தது என்று எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தார்.

"காசு எனக்குப் பெரிசில்லை. ஆனா இது குறைவா இருக்கு. அண்டைக்கு என்ன ரேட் எண்டு உங்களால பார்க்க ஏலுமா? நீங்கள் காசு ஆள், உங்களுக்குத் தெரியும்" என்றார் மார்த்தா.

உங்களுக்குத் தெரியும். இந்தச் சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அரசாங்க அலுவலகத்தில் படிவம் நிரப்ப மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். கோயில் கூட்டத்தில் பின்வரிசைக் கதிரையில் இருந்து, கூட்டம் முடிய முன்னமே எழுந்து போகிறவன்.

ஆர்ஜென்டீனா பெசோ, உருகுவே பெசோ இரண்டுமே எங்கள் பலகையில் இல்லை. ஒரு நாளும் நான் கையால் தொட்டு மாற்றியதில்லை. ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் பழைய ரேட் பார்க்கும் பக்கம் இருக்கிறது. இரண்டு நாணயத்தைத் தெரிந்தெடுத்து, தேதியைப் போட்டால் போதும், ஒரு இலக்கம் வரும். வந்தது. அதைக் கடிதத்தில் இருந்த விற்ற தொகையோடு பெருக்கினேன். மனதாலேயே பெருக்கிவிட்டு, பிறகு கல்குலேட்டரில் பார்த்தேன். சரியாக இருந்தது. மாற்றியபோது வந்ததாக எலேனா சொன்ன தொகை அதில் பாதிகூட இல்லை.

நான் இலக்கத்தைச் சொன்னதும் மார்த்தா கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, தன் அக்காவுக்காகத் தானே வாதாடுவதுபோல், "மாத்துற கடையில அவ்வளவுதான் தந்தவங்களாம். கடைக்காரர் குறைப்பினம்தானே?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். நான் சொன்னேன்: "கடைக்காரர் நூற்றுக்கு ரெண்டு வீதம் குறைப்பினம், மிஞ்சினா ஏழு, எட்டு வீதம். பாதி குறைக்கிற கடை உலகத்தில இல்லை."

எனக்கு உலகத்தில் தெரிந்தது ஒரு கடைதான். மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

"இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்.

வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். முதலாளி ஹரிஸ் பார்க்கில் இருக்கும் தன் மற்றக் கடையில் இருந்தார். அடுத்த கண்ணாடியில் சுகந்தி இருந்தார். அவர் அப்போது மனேஜர் இல்லை, என்னைப்போல் கவுண்டரில் நிற்கிறவர்தான். ஆனால் திருச்சியில் பி.காம். படித்தவர். நான் கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டத் தொடங்கியதும் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க? அந்த ஊர் காசு பத்தி நமக்கு என்ன தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு, தங்கச்சி."

"கம்ப்யூட்டர்ல என் ஜாதகம்கூட இருக்கு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்கண்ணா. நம்ம மானம் ஒண்ணும் போயிடாது."

"அந்த மனுசி பாவம்." தாளை அச்சடித்து, கடை முத்திரையைக் கையில் எடுத்தேன்.

"பாவம்தான். ஸ்டாம்ப் எதுக்கு?"

முத்திரையை மையில் ஒற்றிக் குத்திவிட்டேன். பாவம் பார்த்துச் செய்தேன் என்று பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் எழுதிய ஒரு தாளில் முத்திரை விழுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். கீழே என் பெயரை வைத்து, 'வெளிநாட்டு நாணயப் பிரிவு' என்று வேறு போட்டேன். எங்கள் கடையில் பிரிவு என்று ஒன்றுமே இல்லை. இரண்டு கண்ணாடியும் தேத்தண்ணி வைக்கும் ஒரு குசினியும்தான்.

மார்த்தா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நன்றி சொன்னார். நான் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன். அன்று பின்னேரம் வேலை முடிந்து டூங்கபியில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். குளிர்காலம். ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்து இங்கே ஒரு உணவகத்தில் இறைச்சி சுடும் வேலை செய்யும் ஒருவர் சம்பளக் காசை அமெரிக்க டாலராக மாற்ற வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. மழை. நான் பெருமையடிக்க ஆசைப்பட்டு, உங்கள் ஊர்ப் பெசோவின் பழைய ரேட் எல்லாம் எனக்குத் தெரியும் என்று கதையைத் தொடங்கினேன். கம்ப்யூட்டரில் எடுத்தும் காட்டினேன்.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"அண்ணை, இது அரசாங்கம் சொல்லுற ரேட். எங்கட ஊரில ரெண்டு ரேட் இருக்கு. ஒண்டு பேப்பரில, ஒண்டு தெருவில."

"எவ்வளவு வித்தியாசம்?"

"அந்த வருசமோ? தெருவில பாதிகூட வராது. பேப்பர் ரேட்டுக்கு டாலர் கேட்டா அரசாங்கமே எங்களுக்குத் தராது. பிறகு எந்தக் கடைக்காரன் தருவான்?"

"ஆற்றுக்கு அங்கால, உருகுவேயில மாத்தினா?"

"அவங்கள் என்ன முட்டாளா? அவங்களும் தெரு ரேட்தான். இந்த ரேட்" என்று திரையைக் காட்டினார். "இது ஒருவருக்கும் கிடைக்காது."

என் வசனம். அவர் அதை எனக்கு இங்கிலிஷில், நான் சொல்லும் அதே சொற்களில் சொன்னார். டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு, மழைக்குள் ஓடிப்போனார். நான் இரண்டு கையையும் மேசையில் ஊன்றியபடி நின்றேன். எலேனா ஒரு சதமும் எடுக்கவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதி, பாதியைப் பிரித்து அனுப்பியிருக்கிறார்.

மார்த்தாவின் தொலைபேசி எண் எங்கள் பதிவில் இருந்தது. அன்றே கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. கூப்பிடவில்லை. தொலைபேசியில் இங்கிலிஷ் கதைக்க எனக்குப் பயம் என்று ஒரு நாள் தள்ளினேன். முத்திரை குத்தியது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று ஒரு வாரம் தள்ளினேன். மார்த்தா அந்தத் தாளை ஒரு மூலையில் போட்டு மறந்திருப்பார், நான் ஏன் கிளற வேண்டும் என்று மிச்ச நாட்களைத் தள்ளினேன். சுகந்தியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே எண்ணை அழுத்தி ரிசீவரை என் காதில் வைத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் மார்த்தாவே வந்தார். கையில் ஒரு பெட்டி. இரண்டு மெல்லிய பிஸ்கட்டுக்கு நடுவில் காய்ச்சிய பாலின் இனிப்பை வைத்து, ஓரத்தைத் தேங்காய்ப்பூவில் புரட்டிய பலகாரம். அவரே செய்தது.

"உங்களுக்குத்தான்" என்றார். "எல்லாரும் என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தேக்க நீங்கள் ஒரு ஆள்தான் உண்மையைச் சொன்னனீங்கள்."

"அக்காவோட கதைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"கதைச்சனான். அழுதா. கடையில அவ்வளவுதான் தந்தவங்கள் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. என்னட்ட முத்திரையோட எழுத்தில இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டன். இப்ப அவ எடுத்தாலும் நான் எடுக்கிறேல்லை."

அவர் கண்ணாடிக்கு மிக அருகில் நின்றார். அந்த நேரம் கடை வெறுமையாக இருந்தது. வரிசை இல்லை, முதலாளி இல்லை, சொல்லித் தப்பச் சாட்டு ஒன்றும் இல்லை. நான் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழ் இருக்கும் வழியால் இழுத்தெடுக்கப் பார்த்தேன். அது கொள்ளவில்லை. பக்கக் கதவைத் திறந்து வாங்கினேன். வாங்கிக்கொண்டு, நன்றி சொன்னேன்.

குசினியில் வைத்து ஒன்றைச் சாப்பிட்டேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்லாயிருக்கு, ஆர் தந்தது என்று மனைவி கேட்டார். ஒரு கஸ்டமர் என்றேன். பிள்ளைகளே, நான் அந்தத் தாளை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் அது தெரியாமல் செய்தது. அந்தப் பெட்டியை வாங்கியது தெரிந்து செய்தது.

எலேனாவின் பிறந்தநாள் மாதம் வந்தது. புது நூறு டாலர் நோட்டு ஒன்றை மேசை லாச்சிக்குள் தனியாக எடுத்து வைத்திருந்தேன். மார்த்தா வரவில்லை. மாதக் கடைசியில் அந்த நோட்டை மற்ற நோட்டுகளோடு சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்தார். எண்ணூறு அமெரிக்க டாலர் வேண்டும் என்றார். முகம் வீங்கியிருந்தது.

"பயணமா?" என்று சுகந்தி பக்கத்துக் கண்ணாடியிலிருந்து கேட்டார்.

"அக்காவுக்கு இதய ஆப்பரேஷன். மகன் விடுறானில்லை, போய்ப் பார் எண்டு ஒரே பிடி. ரெண்டு கிழமைக்குப் போறன். அவட வீட்டில நிக்கமாட்டன், ஹோட்டல்தான்." பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பேப்பரும் கொண்டு போறன். கையில குடுக்கப்போறன். உயிர் போற நேரத்திலயாவது உண்மையைச் சொல்லட்டும்" என்று கைப்பையைத் தட்டினார்.

நான் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நூறில் கை நின்றுவிட்டது. காசு எண்ணும்போது நான் இடையில் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

"அந்தப் பேப்பரைக் கொண்டு போகாதேங்கோ" என்றேன். "அது பிழை."

அவருக்கு விளங்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். இரண்டு ரேட், பேப்பர் ரேட், தெரு ரேட். என் இங்கிலிஷ் முறிந்து முறிந்து வந்தது. கடைசியில், பதினான்கு வருடம் பாடமாக்கி வைத்திருந்த அந்த வசனத்தைத்தான் சொன்னேன். அந்த ரேட் ஒருவருக்கும் கிடைக்காது. உங்கள் அக்கா சொன்னதுதான் சரி. அவர் ஒன்றும் எடுக்கவில்லை.

மார்த்தா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எப்ப தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"போன குளிர்காலத்தில."

அவர் யோசித்தார். மாதங்களைப் பின்னோக்கி எண்ணுவது அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் பலகாரம் கொண்டுவந்தது அதுக்குப் பிறகு."

"ஓம்."

"நீ அதைச் சாப்பிட்டனியா?"

"ஓம்."

இங்கிலிஷில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. ஆனாலும் அன்று அவர் கேட்டது 'நீ' என்றுதான் என் காதில் விழுந்தது.

அவர் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து, கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். மறுபக்கத்தைத் திருப்பிவிட்டிருந்தார். "எழுது" என்றார்.

சுகந்திக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மார்த்தாவிடம், "மேடம், நான் டைப் பண்ணித் தர்றேன்" என்றார்.

"வேண்டாம்" என்றார் மார்த்தா. "இவர். கையால."

எழுதினேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்பக்கம் எழுதியது பிழை. நான் தெரியாமல் எழுதினேன், பிறகு தெரிந்தும் சொல்லவில்லை. எலேனா எழுதிய கணக்கு சரி. இங்கிலிஷில் மூன்று வரி. மூன்றாம் வரி இரண்டாம் வரியின்மேல் ஏறிவிட்டது. ஒரு சொல்லை வெட்டித் திரும்ப எழுதினேன். கையெழுத்து வைத்தேன். முத்திரையை எடுக்கக் கை போனது.

"அது வேண்டாம்" என்றார்.

மிச்ச நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒரு தடவை எண்ணினார். முன்பு ஒரு நாளும் அவர் என்னிடம் வாங்கியதை எண்ணியதில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பின்னேரம் கடை பூட்டும்போது சுகந்தி சொன்னார்: "முதலாளிக்கு நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லலைன்னா, உங்ககூட பேசவும் மாட்டேன்." மறுநாள் காலை சொன்னேன். முதலாளி திட்டவில்லை. முத்திரையை என் கண்ணாடியிலிருந்து எடுத்துச் சுகந்தியின் லாச்சியில் வைத்தார். நான் போகும்வரை அது அங்கேதான் இருந்தது. இப்போது உங்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்.

பாடம் என்ன என்று கேட்பீர்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர் திரையில் உள்ள இலக்கத்தைக் காட்டினால், அது ஒருவருக்கும் கிடைக்காது என்று நாங்கள் உடனே சொல்கிறோம். அதே இலக்கத்தை நாங்கள் திரையில் பார்த்தால் நம்பிவிடுகிறோம். நான் நம்பினேன். அந்த நாட்டில் பையைக் கொண்டுபோய் வரிசையில் நின்று மாற்றிய ஒரு பெண்ணின் சொல்லைவிட அதை நம்பினேன். யாராவது உங்களிடம் பழைய ரேட் கேட்டால், அது கணக்குக்கு மட்டும் என்று சொல்லுங்கள். அன்று அங்கே கையில் என்ன கிடைத்தது என்று எங்களுக்குத் தெரியாது என்றும் சொல்லுங்கள். 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வெட்கத்தைத் தவிர்க்கப் போய் இவ்வளவு வெட்கம்.

பிழை விட்டால் அன்றே கூப்பிடுங்கள். இங்கிலிஷ் வராவிட்டால் சுகந்தி இருக்கிறார்.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், பயணத்துக்கு டாலர் வாங்குகிறவர்கள் திரும்பி வந்ததும் மிச்ச நோட்டுகளைக் கொண்டுவந்து விற்பார்கள். எல்லோரும் வாங்கிய கடைக்கே வருவார்கள், ரசீது இருப்பதால். மார்த்தா இரண்டு வாரத்துக்கென்று வாங்கினார். மூன்றாம் வாரத்திலிருந்து நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதங்கள் போயின. வரவில்லை. என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் வேறு கடையில் விற்றிருக்கலாம். இல்லாவிட்டால் ஹோட்டலைக் காலி செய்து, அக்காவின் வீட்டிலேயே நின்று, எல்லாவற்றையும் அங்கேயே செலவழித்திருக்கலாம். ஆப்பரேஷன் என்ன ஆனது என்றும் எனக்குத் தெரியாது. அவருடைய எண் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதை அழுத்தும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். இதுவும் ஒரு சாட்டா என்று இதை எழுதும்போது யோசிக்கிறேன்.

அவர் எப்போதாவது மிச்ச நோட்டுகளோடு கடைக்கு வந்தால், நல்ல ரேட் கொடுங்கள். என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அந்த மூன்று வரிக்குப் பிறகு நான் கையால் எழுதிய நீளமான எழுத்து இதுதான்.

டூங்கபி, 2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.